அறுபத்தெட்டுக் கிலோ

தராசில் எப்போதும் அறுபத்தெட்டுத்தான்.
ஈரமென்றால் அரைக்கிலோ கூடும்,
அதை முதலாளி கழிப்பார்.
பரந்தன் ஆலையில் மூடைக்கணக்கு எழுதுகிறவன் நான்.
நாலு நேர்க்கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று.
பதினொரு வருசமாய்
இந்தப் பேனையைத் தவிர எதையும் தூக்கியதில்லை.

ஆனாலும் சொல்கிறேன்,
தராசுக்குத் தெரியாத கனம் ஒன்று மூடையில் ஏறுகிறது.

செவ்வாய்க்கிழமை பாருங்கள்.
லோன் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து
திரவியநாதன் வீட்டுப் படலையில் ஹோன் அடிக்கிற நாள்.
அன்றைக்குத் திரவியம் முழங்கால் மடிக்கமாட்டான்.
யாரோ ஒருவனின் கொலரைப் பிடிக்கிற மாதிரி
சாக்கின் காதைப் பிடித்து,
நாரியை முறுக்கி, பல்லைக் கடித்து,
ஒரே வெட்டில் தோளுக்கு எறிவான்.

சுப்பர்வைசர் சபேசன் தூணில் சாய்ந்து
போனில் நேரம் பிடித்தால் எல்லாருக்கும் கனக்கும்.
லொறி ஒன்றுக்கு நாற்பது நிமிசம்.
நாற்பத்தொன்றானால் அவன் ஏசமாட்டான்.
ஏசினாலும் பரவாயில்லை.
"ம்" என்பான்.
அந்த "ம்"மை ஆறு பேர் பொழுதுபடும்வரை சுமப்பார்கள்.

சூசைதாசன் செத்தவீட்டுக்குப் போன கிழமை
ஐந்து பேர்தான் நின்றார்கள்.
கொப்பியின்படி ஆளுக்கு ஏழெட்டு மூடை கூட, அவ்வளவுதான்.
ஆனால் அவனுடைய தூசணப் பகிடி இல்லாமல்
பலகையில் ஏறி இறங்கியவர்கள்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.
அந்தக் கிழமை மூன்று பேருக்கு நாரி பிடித்தது.
ஆஸ்பத்திரித் துண்டில் தசைப்பிடிப்பு என்று இருந்தது.
பகிடி இல்லாத குறையென்று எழுத
டொக்டருக்கு அதில் இடமில்லை.

ஒருமுறை சுகாதார மிஸ் வந்தா.
பிஸ்கற் பெட்டி ஒன்றை நிலத்தில் வைத்து
"முழங்காலை மடியுங்கோ, முதுகு நேரா,
நெஞ்சோட அணைச்சு" என்று
வடிவாய்த் தூக்கிக் காட்டினா.
எல்லாரும் கைதட்டினோம்.
சூசை மட்டும் கேட்டான்:
"மிஸ், பெட்டிக்குள்ள என்ன கிடக்கு?"

தள்ளுவண்டியும் இருக்கிறது.
தந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டிய தாள் பாதி உரிந்து
தவிட்டுச் சாக்குகளுக்குப் பின்னால்,
சில்லில் இன்னும் காற்றோடு.
முதலில் அதைத் தொட்டவன் கோகுலரூபன், இருபது வயது.
"தம்பிக்கு எத்தினை மாசம்?" என்றது ஒரு குரல்.
சிரித்தவர்களில் நானும்.
அடுத்த நாள் அவன் ஓடி ஓடி ஏற்றினான்,
யாரும் ஓடச் சொல்லவில்லை.
இப்போது செருப்பு மாட்டக் குனிந்தால்
ஒரு கை சுவரைத் தேடுகிறது.
இதற்கு எந்தப் பக்கத்தில் கோடு போடுவது?

நேற்றுக் காலபோக நெல்.
வீதிவரை மூன்று லொறி. செவ்வாய் வேறு.
திரவியம் குனிந்தான், நிமிரவில்லை.
சாக்கின் காதைப் பிடித்தபடி
அப்படியே நின்றான்.
சபேசனின் பெருவிரல் திரையில் இருந்தது.

நான் கொப்பியை மூடினேன்.
வீரமெல்லாம் இல்லை.
பேனை எழுதுதில்லை என்றேன், உதறியும் காட்டினேன்.
வேறு பேனை எடுக்க ஒபிசுக்குள் போய்
லாச்சியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து
சுவரிலிருந்த போன வருசக் கலண்டரை வாசித்தேன்.
எண்ண ஆளில்லாமல் ஒரு மூடையும் ஏறக்கூடாது,
அது முதலாளியே போட்ட சட்டம்.

திரும்பி வந்தபோது
திரவியம் மூடைமேல் கவிழ்ந்து கிடந்தான்.
கோகுலன் அவன் நாரியில் தைலம் தேய்த்தான்.
தள்ளுவண்டி வெளியே வந்திருந்தது.
அதில் குந்தியிருந்து சூசை பிளேன்ரீ குடித்தான்.

நாற்பத்தொன்பது நிமிசம்.
சபேசன் என்னைப் பார்த்து "ம்" என்றான்.

இருட்டில் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போகையில்
எனக்கு நாரி உளைந்தது.